சீமை மெட்டில் ஏகாம்பரநாதர்

காஞ்சி நகரம் வழக்கில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த தென்கிழக்குப் பகுதி சின்ன காஞ்சிபுரம் என்றும், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், குமரகோட்டத்து முருகன் ஆகியோரின் கோயில்கள் அடங்கிய பகுதி பெரிய காஞ்சிபுரம் அல்லது சிவகாஞ்சி என்றும் வழங்கப்படுகின்றன. பட்டு நெசவாலும் கோயில்களாலும் அறியப்பட்ட இவ்வூர், கருநாடக இசையின் வரலாற்றில் முத்துஸ்வாமி தீட்சிதர் சில ஆண்டுகள் தங்கிய இடமாகவும் இடம்பெறுகிறது. ஐம்பூதங்களுள் மண்ணுக்குரிய பிருதிவித் தலமாகிய ஏகாம்பரநாதர் சந்நிதியைப் பற்றி அவர் பைரவி ராகத்தில் அமைத்த ‘சிந்தய மாகந்த மூல கந்தம்’ என்ற கீர்த்தனையும், காமாட்சியைப் பற்றிக் கமலாமனோகரியில் அமைத்த ‘கஞ்சதளாயதாட்சி’யும் கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அதே ஏகாம்பரநாதரைப் போற்றும் மற்றோர் உருப்படி, ‘காஞ்சீசம்’ என்று தொடங்கும் மிகச் சிறிய பாட்டு, இசைப்பள்ளிகளுக்கு வெளியே பெரும்பாலும் அறியப்படவில்லை. அதன் சொல் வடமொழி. மெட்டோ கப்பலேறி வந்தது.

இவ்வகைச் சிற்றுருப்படிகள் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. ஐரோப்பியப் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த நடன மெட்டுகளையும் அணிவகுப்பு மெட்டுகளையும் காதால் கேட்டு, அவற்றின் சுரங்களை மாற்றாமல் எடுத்துக்கொண்டு, அவற்றின்மீது தெய்வத் துதியாகச் சொற்களைப் பொருத்தியவை இவை. ஏறத்தாழ 40 உருப்படிகள் தீட்சிதர் பெயரில் கிடைக்கின்றன. பிரித்தானிய அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் ‘ஸந்ததம் பாஹிமாம்’ அமைந்துள்ளது. உலகெங்கும் குழந்தைகள் நட்சத்திரப் பாட்டாகப் பாடும் பிரெஞ்சு மெட்டில் ‘ச்யாமளே மீனாட்சி’ அமைந்துள்ளது. அயர்லாந்தின் மாலோ என்னும் சிற்றூரின் ஊதாரி இளைஞர்களைப் பற்றிய ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’வின் மெட்டு ‘வந்தே மீனாட்சி’யாகவும், ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு ‘ஜகதீச குருகுஹ’வாகவும் மாறியுள்ளன. ரீல் என்பது ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் விரைந்து சுழன்றாடும் ஆட்டத்துக்கு உரிய நான்கெண்ணிக்கை மெட்டாகும்.

தீட்சிதரின் காதில் இம்மெட்டுகள் விழுந்த வழி நன்கு தெரிந்ததே. அவருடைய தந்தை இராமஸ்வாமி தீட்சிதர் திருவாரூரிலிருந்து சென்னைக்கு வடக்கேயுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்து, முத்துக்கிருஷ்ண முதலியார், அவர் மகன் சின்னையா முதலியார் ஆகியோரின் ஆதரவில் வாழ்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக, அதாவது வெள்ளையருக்கும் உள்ளூராருக்கும் இடையே மொழியும் வணிகமும் கையாளும் இடையாளராக விளங்கிய சின்னையா முதலியார், தீட்சிதர் குடும்பத்துப் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பேண்டு இசையைக் கேட்கச் செய்தார். இளையவரான பாலுஸ்வாமி (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். அக்கருவி கருநாடக இசைக்குள் நுழைந்த வழிகளில் இது முதன்மையானது. மூத்தவரான முத்துஸ்வாமி (1775–1835) கேட்ட மெட்டுகளுக்குச் சொல் அமைத்தார். ஆக, அண்ணன் மெட்டையும் தம்பி கருவியையும் கோட்டையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தனர் எனலாம். தம்பி கொண்டுவந்ததே நாட்டைப் பிடித்துக்கொண்டது.

கோட்டையில் அந்த மெட்டுகள் ஒலித்ததற்குக் காரணம் போர். காஞ்சிபுரமும் அப்போர்களுக்கு வெளியே இருக்கவில்லை. 1751-இல் பிரெஞ்சுப் படையினர் இவ்வூர்க் கோயில் ஒன்றின் மதிலைக் கோட்டையாக்கிக்கொண்டிருந்தபோது ராபர்ட் கிளைவ் பீரங்கி வைத்து அதை மீட்டார். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முற்றாக முறியடித்தபோது, காஞ்சியில் முகாமிட்டிருந்த ஹெக்டர் மன்றோ தம் பெரும்பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். பெய்லியின் படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டாரைக் கொண்ட 73-ஆம் ரெஜிமென்டின் பிரிவுகளும் இருந்தன. அதே ரெஜிமென்டின் துருத்திக்குழல்காரர் ஒருவர் அடுத்த ஆண்டு பரங்கிப்பேட்டைப் போரில் குண்டுகளுக்கு நடுவே நின்று வாசித்ததைக் கேட்ட தளபதி அயர் கூட், குழல் வாங்க 50 பவுன் வழங்கியதாக அப்படைப்பிரிவின் வரலாறு கூறுகிறது. ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகள் தொண்டைமண்டலத்து மண்ணுக்கு வந்தது சங்கீத ஆர்வத்தால் அன்று. கூலிக்குப் போரிட்டவர்களின் பொழுதுபோக்காகவே அவை வந்து சேர்ந்தன.

அதே நாட்டு மக்கள் அதே நூற்றாண்டில் மேற்கு நோக்கியும் கப்பலேறினர். அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்தாரும் ஸ்காட்லாந்தாரும் பிடிலில் வாசித்த மெட்டுகளும் முணுமுணுத்த கதைப்பாட்டுகளும் தலைமுறைகள் கடந்து, 1867 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் இரயில் நிலையங்களுக்கு மந்தைகளை ஓட்டிச்சென்ற கௌபாய்களிடம், அதாவது குதிரையேறி மாடு ஓட்டிய கூலியாட்களிடம், போய்ச் சேர்ந்தன. இரவில் மந்தை மிரளாமல் இருக்கக் காவல் சுற்றுவோர் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே வலம் வருவது அத்தொழிலின் வழக்கம். அவர்களுடைய பாட்டுகளில் புகழ்பெற்ற ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’, குண்டடிபட்டுச் சாகும் இளம் மாடோட்டி ஒருவன் தன் இறுதி ஊர்வலம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதாக அமைந்தது. அதன் மூலம், பால்வினை நோயால் சாகும் படைவீரனைப் பற்றிய பழைய பிரித்தானிய, ஐரிஷ் புலம்பற்பாட்டு. சொல் மாறிய பிறகும் ஒன்று மாறவில்லை. மாடோட்டிக்குப் பொருந்தாத முரசும் சிறுகுழலும் அவனுடைய ஊர்வலத்தில் கேட்கப்படுகின்றன. அவை செத்துப்போன சிப்பாயின் இராணுவ மரியாதையிலிருந்து மிஞ்சியவை. 1876-இல் தாமே அப்பாட்டின் சொல்லை மாற்றியதாக பிரான்சிஸ் மேனார்ட் என்ற மாடோட்டி பின்னாளில் கூறினார்.

சென்னைக் கோட்டையிலிருந்து கேட்டெழுதப்பட்ட பாட்டிலும் இத்தகைய மிச்சம் உண்டு. ஆனால் அது சொல்லில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது. கீர்த்தனைக்குப் பொதுவாகப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்புகள் உண்டு. நோட்டுஸ்வரத்தில் அவை இல்லை. ஆட்டக்காரர் இருபுறமும் நின்று முன்வந்து பின்செல்வதற்கேற்ப, ஒவ்வொன்றும் இருமுறை வரும் இரண்டு சிறு துண்டுகளாகவே மெட்டு நிற்கிறது. ஆடுவோர் போய்விட்டனர், அவர்கள் திரும்பிய இடத்தில் தெய்வத்தின் பெயரொன்று வந்து அமர்ந்துகொண்டது. சுரங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரின் மேஜர் ஸ்கேலில் அடங்குபவை. அது நம் மேளகர்த்தா வரிசையில் 29-ஆவதான தீரசங்கராபரணத்துடன் ஒத்துப்போகிறது. தாளமும் பெரும்பாலும் திச்ர அல்லது சதுச்ர ஏகமே. பேண்டில் மேற்குரல் மெட்டு பாடும்போது கீழே பல கருவிகள் சேர்ந்து எழுப்பும் ஒத்திசைவு முழுமையாக விடப்பட்டு, மேலே ஓடிய ஒற்றை இழை மட்டும் எடுக்கப்பட்டது.

தீட்சிதர் இங்கே செய்ததைவிடச் செய்யாமல் விட்டதே கவனிக்கத் தக்கது. சௌக்க காலத்தில், அதாவது மிகத் தாழ்ந்த நடையில், ஒவ்வொரு சுரத்தையும் கமகத்தால் உருட்டியும் அசைத்தும் நெகிழ வைப்பது அவருடைய இயல்பு. பைரவிக் கீர்த்தனையில் ஒரே அசையின்மீது பல சுரங்கள் தவழ்கின்றன. நோட்டுஸ்வரத்திலோ சுரத்துக்கு ஓர் அசை என்ற கணக்கே பெரும்பாலும் ஓடுகிறது, ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவ வேண்டுமென்றால் இடையிலுள்ள எதையும் தொடாமல் குரல் ஒரே எட்டில் தாவுகிறது. சங்கராபரணத்தின் நிஷாதத்தைச் சற்றே மேல் ஷட்ஜத்தை நோக்கி அசைத்துவிட்டால் போதும், சீமைப்பாட்டு ஊர்ப்பாட்டாகிவிடும். அதை அவர் செய்யவில்லை. இதைக் குழந்தைகளுக்கான எளிமை என்று மட்டும் விளக்குவது போதாது. வேற்றுநாட்டு மெட்டை அதன் முகத்தோடு நிற்கவிட்டு, சொல்லை மட்டும் முழுமையாகத் தமதாக்கிக்கொண்ட தெளிந்த தேர்வாகவே அதைக் கொள்ள வேண்டும். ‘குருகுஹ’ என்ற தம் முத்திரையைப் பல நோட்டுஸ்வரங்களிலும் அவர் பதித்திருப்பது, அவற்றை விளையாட்டாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று.

பழம்பாட்டைக் கையாள்வதில் இதற்கு நேரெதிரான முறையும் இதே ஊரில் வளர்ந்தது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாட்டுகளை எடுத்து, அவற்றின் சந்தத்துக்குள் உறங்கிய சிக்கலான தாளக்கணக்குகளை வெளிக்கொணர்ந்து, மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் எனப் பல பக்கவாத்தியங்கள் சூழ மேடையேற்றினார். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அவரிடம் கற்றவர். நாயனா பிள்ளையின் கையில் பழம்பாட்டு விரிந்துகொண்டே போனது. தீட்சிதரின் நோட்டுஸ்வரத்தில் அது சிறிதாகவே இருந்துவிட்டது. இரண்டும் விளக்கவுரையே, ஒன்று சொன்னவற்றால், மற்றொன்று அடக்கிக்கொண்டவற்றால்.

எழுத்தில் இறங்கிய வரலாறும் இணையாகவே நடந்துள்ளது. ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற கிறித்தவ அன்பர், கருநாடக உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டு முறையில் எழுதும் பெருமுயற்சியைத் தொடங்கி 1893-ஐ ஒட்டி அச்சிட்டார். பாலுஸ்வாமியின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டபோது, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி அமைத்து, குருமுகமாகவே கைமாறிவந்த நுட்பங்களை ஏட்டில் நிறுத்தினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜாக் தோர்ப் 1908-இலும் ஜான் லோமாக்ஸ் 1910-இலும் மாடோட்டிகளின் பாட்டுகளைத் தொகுத்தனர். லோமாக்ஸ் பல வாய்களில் கேட்ட அடிகளை ஒட்டி ஒரே பாட்டாக்கினார். சுப்பராமரோ தம் குடும்பப் பாடாந்தரம், அதாவது வழிவழியாகப் பாடிவந்த வடிவம், ஒன்றையே பிடித்துக்கொண்டார். இருவருடைய நூல்களையும் இன்று கையில் எடுப்பவர், அச்சான வடிவத்தையே மூலம் என்று நம்பிவிடும் சங்கடம் இரண்டுக்கும் பொது.

மாடோட்டி என்றதும் இன்று நினைவுக்கு வரும் கிடார், மந்தைப் பாதைகளில் அரிதாகவே இருந்தது. பிடிலும் மவுத் ஆர்கனும்தான் சேணப்பையில் அடங்கின. கார்ல் ஸ்ப்ரேக் 1925-இல் வெளியிட்ட இசைத்தட்டும் பின்னர் வந்த வானொலி, திரைப்படங்களும்தான் மாடோட்டியின் கையில் கிடாரை நிலையாகத் தந்தன. இங்கும் நோட்டுஸ்வரம் குரலிலும் வீணையிலும் பிடிலிலும் வளர்ந்து, பிறகே கிடாருக்கு வந்தது. கருநாடக இசையைக் கிடாரில் நிறுவிய சுகுமார் பிரசாத்தும் ஆர். பிரசன்னாவும் நரம்பை இழுத்தும் சறுக்கியும் கமகத்தை எழுப்ப வேண்டியிருந்தது, ஏனெனில் கிடாரின் கழுத்தில் பதிந்த கட்டைகள் சுரத்தை அதன் இடத்திலேயே நிறுத்திவிடும். நோட்டுஸ்வரத்துக்கு அந்தக் கட்டை தடையாகாது; மெட்டு பிறந்தபோதே அசைவின்றி நின்ற சுரம், அக்கட்டையின்மேல் இயல்பாக உட்காருகிறது. சின்சினாட்டியில் வாழும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் இவ்வுருப்படிகளை ஆராய்ந்து ஒலிப்பதிவாக வெளியிட்ட பிறகு, இவற்றைப் பேண்டின் ஒத்திசைவோடு மீண்டும் சேர்த்துப் பாடும் வழக்கமும் பரவியுள்ளது.

கிடாரில் பழகும் மாணவர் இங்கே ஒரு முடிவெடுக்கத்தான் வேண்டும். ஷட்ஜம், சுத்த மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்றின்மீது எழும் மூன்று கார்டுகள், அதாவது ஒரே வேளையில் மீட்டும் மூன்று சுரங்களின் கூட்டு, இம்மெட்டுகளுள் பெரும்பாலானவற்றுக்குப் போதும். லரேடோவின் மாடோட்டிக்கும் அவை போதுமானவையே. ஆனால் கார்டு சேர்த்தவுடன் பாட்டு கோட்டை மைதானத்துக்கே திரும்பிப்போகும் வாய்ப்பு உண்டு, சொல்லின் நெட்டெழுத்து தாளத்தின் எடுப்பில் வந்து விழும் இடங்களை மீட்டல் மூடிவிடும். இரண்டு துண்டுகளும் இருமுறை வருவதால், முதல்முறை தனியிழையாகவும் மறுமுறை கார்டோடும் வாசிப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. கேட்பவர் முதல் சுற்றில் ஏகாம்பரநாதரின் பெயரையும், இரண்டாவதில் அப்பெயர் ஏறி வந்த வாகனத்தையும் தனித்தனியே அறிந்துகொள்வார். காலப்பிரமாணம் ஆட்டத்துக்குரிய விரைவிலிருந்து சற்றுத் தாழ்ந்திருப்பது நல்லது, வடமொழிக் கூட்டெழுத்துகள் நாவில் தடுக்காத அளவுக்கு.