குழலின் முன் ஓர் இடம்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மாசி மாதக் காமன் கூத்துப் பாடல்களை நானும் மாணவர்களும் ஒருமுறை ஒலிநாடாவில் பதிந்தோம். லயத்து முற்றத்தில் தப்பு அடித்தவர்கள் முன்னே. பாடிய முதியவர் பின்னே. "ஐயா, நீங்க முன்னுக்கு வாங்க" என்று சொல்ல எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. போட்டுக் கேட்டபோது தப்பு முழங்கியது, பாட்டைக் காணோம்.

இதற்கான பாடம் பழைய இசைத்தட்டு வரலாற்றில் இருக்கிறது. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்தபோது மைக் கிடையாது. பாடகர் பெரியதொரு குழலுக்குள் உரக்கப் பாடுவார். அந்த அதிர்வால் ஊசி மெழுகில் கீறும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ ஆட்களை நகர்த்துவதே வழி. பாடுபவர் குழலின் வாயருகே. மெல்லிய நரம்புக்கருவி பக்கத்தில். உரத்த தோற்கருவி தள்ளி. வயலினின் ஒலி போதாமல், உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலினும் பயன்பட்டது. 1925இல் மின் ஒலிப்பதிவு வந்த பின்னரே இந்த நெருக்கடி தளர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலியும் தொடங்கியது.

மலையக மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி அச்சில் காத்தார். சொல் நின்றது. குரலோ அச்சில் ஏறாது. அதற்கு நாடா வேண்டும். யாரை எங்கே நிறுத்துவது என்ற அறிவும் வேண்டும்.

அடுத்த மாசியில் முதியவரை மைக்கின் அருகே இருத்த எண்ணியிருந்தோம். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். தப்பு ஓயும் இடங்களில் மட்டும் அவருடைய இரண்டொரு சொல் நாடாவில் கேட்கிறது.

உங்கள் தோட்டத்திலும் பாடும் முதியவர் இருப்பார். பதியப் போகிறவர்கள் முதலில் அவருக்கு இடம் கொடுங்கள்.