பல கருவிகளிலிருந்து விளக்கை இயக்குதல்

ஒரே விளக்கைச் சுவர் சுவிட்ச், கைபேசி, குரல் ஸ்பீக்கர் எனப் பல இடங்களிலிருந்து இயக்கும் ஏற்பாடு. சென்னைப் பகுதியின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாடி வீடுகளுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. படிக்கட்டின் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக டூ-வே சுவிட்ச் போடுவது எலக்ட்ரீஷியன்களின் பழைய வழக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று முனைகள், இடையே இரண்டு ஒயர்கள். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டுக்கும் சம உரிமை. ஸ்மார்ட் பல்பு இந்தச் சமத்துவத்தைக் கெடுத்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர் பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே இல்லை. எந்தக் கைபேசியாலும் அதை எழுப்ப முடியாது. ஆகவே பல்பை மாற்றுவதைவிட, சுவிட்ச் பெட்டிக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு ரிலே பொருத்துவதே பொருத்தமானது. விரல், குரல், செயலி மூன்றும் அந்த ஒரே ரிலேயைத் தட்டும்.

பழைய வீடுகளில் ரிலேக்கு வேண்டிய நியூட்ரல் ஒயர் கிடைக்காது என்பார்கள். பிளக் பாயிண்டும் சேர்ந்த கூடத்துப் போர்டில் அது ஏற்கெனவே இருக்கும். படிக்கட்டுப் பெட்டியில்தான் பெரும்பாலும் இருக்காது, அங்கே டூ-வேயே போதும். இணையம் போனால் என்ன என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டன. இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும், தொலைதூர சர்வரை நம்பிய குரல் கட்டளை அத்தகைய நேரத்தில் ஊமையாகும். ரிலேயோடு இணைந்த சுவர் சுவிட்ச் இயங்கும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற ஸ்மார்ட் வீட்டுத் தரநிலை, வெவ்வேறு நிறுவனச் செயலிகள் இணையம் இல்லாமலும் வீட்டு ரவுட்டர் வழியாகவே ஒரே விளக்கை இயக்க இடம் தருகிறது. மின்வெட்டும் வெள்ளமும் பழகிய இப்பகுதிகளுக்கு அதன் பெரும் பயன் அதுவே.