அநாதைச் சிறுவரின் கிணறுகள்: டெசல் தீவில் ஒரு வரலாற்றுத் தேடல்

நாம் வகுப்பில் படித்த ஒல்லாந்தர் வரலாறு யாழ்ப்பாணக் கோட்டையில் தொடங்கிக் கோட்டையிலேயே முடிந்தது. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் தம் நகரங்களின் பெயரால் அழைத்தார்கள். அவர்கள் எந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள் என்பது எமது பாடநூலில் இல்லை. நெதர்லாந்தில் வாழும் பழைய மாணவிகளாகிய நாம் சிலர் டெசல் தீவுக்குப் போனது அந்த மறுமுனையைக் காண்பதற்காகவே.

டென் ஹெல்டர் துறைமுகத்திலிருந்து பாதையில் 20 நிமிடப் பயணம். எழுத்தில் டெக்ஸல், ஊரார் வாயில் டெசல். ஏறத்தாழ 25 கிலோமீற்றர் நீளமான தீவில் ஏழு கிராமங்கள். மேற்கே மணற்குன்றுகள், கிழக்கே அணைக்கட்டு, நடுவே செம்மறிகள் மேயும் புல்வெளி. வடபகுதியான ஐயர்லாந்து முன்னர் தனித் தீவு. 1630 அளவில் மணல் அணை கட்டி இணைத்திருக்கிறார்கள். வயல்களுக்கிடையே கம்பிவேலிக்குப் பதிலாகப் புற்கரணைகளை அடுக்கிய மண்வேலிகள். நெடுந்தீவின் கல்வேலிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல; அங்கே முருகைக்கல், இங்கே புற்கரணை. செம்மறிக் கொட்டில்களோ பாதியாக வெட்டிய வீடு போலிருக்கும். காற்றடிக்கும் பக்கம் கூரை சரிந்திருக்க, மறுபக்கச் சுவர் நேராக நிமிர்ந்து நிற்கும்.

தீவின் நடுவே ஹோகே பேர்க், அதாவது 'உயர்ந்த மலை'. உயரம் 15 மீற்றர்தான்! நாம் தேடிச் சென்ற கிணறுகள் இதன் அடிவாரத்தில் இருக்கின்றன.

அம்ஸ்ரர்டாமுக்கு அருகே கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் அங்கு முழுப் பாரம் ஏற்ற முடியாது. ஆகவே டெசலின் கிழக்குக் கரையில், அவுடஸ்கில்ட் கிராமத்துக்கு எதிரே நங்கூரமிட்டுச் சரக்கும் ஆட்களும் ஏற்றின. சாதகமான காற்றுக்காகச் சிலவேளை வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் புறப்பட்ட கப்பல்கள் பலவற்றுக்குக் கடைசித் தாய்நிலம் இதுவே. இங்கேதான் குடிநீர் நிரப்பினார்கள். ஹோகே பேர்க் கிணறுகளின் நீரில் இரும்புச் சத்து அதிகம். அதனால் பீப்பாயில் நெடுநாள் கெடாமலிருந்தது. நன்னீர்க் கிணறு எவ்வளவு பெரிய சொத்து என்பதைத் தீவகத்தில் பிறந்த எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பீப்பாய்கள் வாய்க்கால் வழியே வள்ளங்களில் துறைமுகத்துக்குப் போயின. தண்ணீர் விற்ற பணம் டென் பேர்க் ஊரிலிருந்த அநாதைச் சிறுவர் இல்லத்துக்குச் சென்றது. கிணறுகளை இன்றும் 'அநாதைகளின் கிணறுகள்' என்றே அழைக்கிறார்கள்.

இங்கு நின்றபோது எமக்குள் வாதம் எழுந்தது. எம் மூதாதையரிடம் ஊழியமும் தலைவரியும் வாங்கிய ஆட்சியின் கப்பல்கள் அல்லவா இவை? உண்மைதான், அந்தக் கணக்கை எந்தத் தருமமும் கழித்துவிடாது. ஆனால் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளில் ஆசியாவுக்கு வந்தோர் கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர். திரும்பியோர் அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குச் சற்றே கூட. கோட்டையைக் கட்டுவித்த தேசாதிபதிகளின் பெயர்களை மனனஞ் செய்த எமக்கு, இந்த மூன்றில் இரண்டு பங்கினரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித் தரப்படவில்லை. அந்தக் கப்பல்களுக்கு ஊழியஞ் செய்த எம்மவரைப் பற்றியும் அதிகமில்லை.

1824 இல் அம்ஸ்ரர்டாமிலிருந்து டென் ஹெல்டர் வரை கால்வாய் திறக்கப்பட்டது. கப்பல்கள் டெசலில் காத்திருக்கும் தேவை குறைந்தது. கிணற்று வருமானமும் வற்றியது.

கோடையில் இப்பக்கம் வரும் தோழியர் ஒரு நாளை ஒதுக்குங்கள். முதலில் அவுடஸ்கில்ட் நூதனசாலை: கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 2014 இல் சுழியோடிகள் எடுத்த 17 ஆம் நூற்றாண்டுப் பட்டாடை அங்கிருக்கிறது. பிறகு வாடகைச் சைக்கிளில் ஹோகே பேர்க்குக்குப் போகலாம். காற்று பலமாக வீசும். சேலையை வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது.