தெருநாய்க்கு வீடு: ஒரு கருத்தின் வரலாறு

லாரியில் அடிபட்டு இரண்டு பின்னங்கால்களும் செயலற்றுப்போன ஒரு நாய்க்கு வீடு தேடி இரண்டு மாதம் அலைந்தோம். எல்லோரும் முதலில் கேட்டது 'ஜாதி நாயா?' என்றுதான். இல்லை என்றதுமே பாதிப் பேர் விலகிக்கொண்டார்கள். மூத்திரம் தானாகப் போகாது, நாளைக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றை அமுக்கி நாம்தான் வெளியேற்ற வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும் என்று சொன்னதும் மீதிப் பேர் 'பாவம், ஒரு ஊசியப் போட்டு அனுப்பிடலாமே' என்றார்கள். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அந்தக் கேள்வியும் இந்த யோசனையும் எந்த வரலாற்றிலிருந்து வருகின்றன என்பதே நம் பிரச்சினை.

உயர்ரக நாயை 'ஜாதி நாய்' என்றே தமிழில் பேசுகிறோம். ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே போய், இங்குள்ள ஒரு மக்கள் சமூகத்தின் பெயரையே தெருநாய்க்குச் சூட்டினார்கள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 'பரையா டாக்' என்பதைத் தனிச் சொல்லாகவே பதிவு செய்கிறது. ஒரே சொல்லில் மனிதர் நாயாகிறார், நாய் தீண்டத்தகாததாகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து, அதாவது 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றிருக்கிறது. வீரனோடு அவனுடைய நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. இதைக் காட்டிப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. கல் கிடைத்தது சண்டையிட்ட நாய்க்கு. காவலுக்கு உதவாத நாய்க்கு அங்கே இடமில்லை. பக்தன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள 'நாயேன்' என்று சொல்லிக்கொண்ட மொழிதானே இது?

காலனிய நகராட்சி வந்தபோது தெருநாய் நிர்வாகப் பிரச்சினையாகக் கட்டமைக்கப்பட்டது. 1832 ஜூனில் பம்பாயில் தெருநாய்களைக் காவலர்கள் கொன்றதை எதிர்த்துப் பார்சிகள் கலவரத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சமயத்தில் நாய் மரியாதைக்குரியது. இதே நூற்றாண்டின் இன்னொரு முகம் லண்டன். 1860-இல் மேரி டீல்பி அங்கே தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். 1871-இல் அது பாட்டர்சீக்கு இடம் மாறியது. 'தொலைந்துபோன' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாய் என்றால் அதற்கு உடைமையாளர் உண்டு, வெளியே திரிவது வழிதவறல் என்பது அதன் உட்பொருள். நம் தெருநாயோ தொலைந்துபோனதல்ல. பிறந்த தெருவில் இருக்கிறது, நாலு வீட்டுச் சோற்றைத் தின்கிறது. கொலையும் இல்லமும் எதிரெதிரானவைதான். ஆனால் உடைமையாளர் இல்லாத நாய் என்று ஒன்று இருக்கக்கூடாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ், 1964 முதலே கொலைக்கு மாற்றாகக் கருத்தடையை வலியுறுத்தியது. கொன்றால் காலியான இடத்துக்கு வேறு நாய் வந்து சேரும் என்பது வாதம். மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. 2001-இல் மத்திய அரசின் விதிகள் வந்தன: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், தீராத நோயுற்றவற்றையும் சாகும் அளவு காயம்பட்டவற்றையும் வலியின்றிக் கொல்லலாம். பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் தெளிவாகக் காட்டிய இடங்கள் இரண்டு: ஒன்று தெரு, இன்னொன்று ஊசி. சாகாமலும் நடக்காமலும் கிடக்கிற நாய் இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. அதை யாராவது ஒரு தனிமனிதரின் அன்பு வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைபாதையில் குழந்தையோடு படுப்பவருக்கு நாய்க்கடி வெறும் விவாதப் பொருளல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டது இந்தப் பயத்தின் பேரில்தான். அதே மாதம் 22-ஆம் தேதி ஆணையைத் திருத்தியபோது, தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்றது. உயிர்வாழ வீடே நிபந்தனையாகுமானால், எந்த நாய்க்கு வீடு கிடைக்கும்? முதலில் ஜாதி நாய், அப்புறம் ஆரோக்கியமான குட்டி, கடைசியில்தான் கால் இல்லாதது. அன்பை நம்பி விடப்பட்ட இடத்தில் அன்பும் தரம் பார்த்தே வேலை செய்கிறது.

எங்கள் நாய்க்குக் கடைசியில் வீடு கிடைத்தது. ஆற்றோரக் குடிசையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் எடுத்துக்கொண்டார். காலையில் அவர், மதியம் பக்கத்துக் குடிசைப் பெண், ராத்திரி ஆட்டோ ஸ்டாண்டுப் பையன் என்று முறை வைத்து வயிற்றை அமுக்கிவிடுகிறார்கள். தெருவே பிரித்துக்கொண்ட வேலை இது. எந்தத் தத்தெடுப்புப் படிவத்திலும் இப்படி மூன்று பேருக்குக் கட்டம் இருக்காது.

ஆனால் அந்தக் குடிசைக்குப் பட்டா இல்லை. கூவம் கரைக்காரர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்த்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போன வாரம் அக்கா கேட்டார்: 'எங்களயும் அங்க தூக்கிப் போட்டுட்டா, மாடியில இதத் தூக்கிக்கிட்டு எப்படி தம்பி ஏறி எறங்குறது? மத்த ரெண்டு பேருக்கும் எங்க வீடு தருவாங்களோ?'