மாசிச் சதயமும் சித்திரைச் சதயமும்



சதயம் என்னும் நாண்மீன் சைவ உலகில் தனிச்சிறப்பு உடையது. மாசித் திங்களில் அந்நாள் வருங்கால் கோச்செங்கட்சோழ நாயனாரின் குருபூசையைக் கொண்டாடுகின்றோம். சித்திரைத் திங்களில் வருங்கால் திருநாவுக்கரசு சுவாமிகளின் குருபூசையைக் கொண்டாடுகின்றோம். இவ்விரு சதயங்களுக்கும் இடைப்பட்ட நாள்களே பின்பனி கழிந்து இளவேனில் புகும் காலமாகும். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்தனர்.

திருநந்தவனத்திற்கு இக்காலமே உயிர்நிலை. மாசிச் சதயத்திற்குரியவர் முற்பிறவியில் சருகைத் தடுத்தவர். சித்திரைச் சதயத்திற்குரியவர் புல்லைச் செதுக்கியவர். இருவர் செய்ததும் பூப்பறிக்கும் பணியன்று. பூவுக்கும் பூசைக்கும் முற்பட்டு நிற்கும் பணி. அப்பணியின் வரலாற்றையே இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தின் கீழே இறைவன் எழுந்தருளியிருந்தான். மேலிருந்து சருகு விழுந்தவண்ணம் இருந்தது. ஒரு சிலந்தி அதைக் கண்டு வருந்தி, தன் வாய்நூலால் மேற்கட்டி இழைத்துச் சருகு திருமேனியில் விழாமல் காத்தது. நாள்தோறும் நீராட்டி வழிபட்ட யானை அவ்வலையைத் தூய்மையற்றது என்று எண்ணிச் சிதைத்தது. பின் நிகழ்ந்ததும், அச்சிலந்தி சோழர் குலத்தில் பிறந்து மாடக்கோயில்கள் எடுத்ததும் நீங்கள் அறிந்தனவே. யாம் கேட்பது இதுதான். அச்சிலந்தியிடம் பூ இருந்ததா? நீர் இருந்ததா? ஒன்றும் இல்லை. விழவிருக்கும் சருகை முன்னரே எண்ணிப்பார்க்கும் அன்பு ஒன்றே இருந்தது. குறை நேர்ந்தபின் துடைப்பது ஒரு தொண்டு. நேராமல் முன்னின்று காப்பது அதனினும் உயர்ந்த தொண்டு.

அடுத்து, சோழநாட்டுத் திருப்புகலூருக்கு வருவோம். முருக நாயனார் அவதரித்த ஊர் அது. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் வைகறையில் எழுந்து கொய்து, கோவை, இண்டை, கண்ணி எனப் பலவகையாகத் தொடுத்துச் சாத்தியவர் அவர். பூத்தொண்டின் முழுவடிவை அவரிடத்தில் காண்கின்றோம். அதே புகலூரில்தான் ஏழாம் நூற்றாண்டில் நாவுக்கரசர் தம் இறுதி நாள்களில் தங்கி உழவாரத் திருப்பணி செய்தார்.

அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. பருக்கைக் கற்களை எவ்வாறு அள்ளினாரோ, அவ்வாறே அவற்றையும் உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார். அடியார் காலில் உறுத்துவது எதுவாயினும் அவருக்குக் களையே. இப்பகுதியைச் சொல்லும்போதெல்லாம் பொன்னை எறிந்த துறவையே நாம் வியக்கின்றோம். எறிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதைச் சிறிதே எண்ணிப்பாருங்கள். மீண்டும் புல்லைச் செதுக்கினார். முருகர் பூவேந்தி நின்ற ஊரில், அரசர் புல்லேந்தி நின்றார். இரண்டும் ஒரே பூசையின் இரு முனைகள்.

நாயன்மார் காட்டிய வழியைப் பிற்கால வேந்தர் சாசனமாக்கினர். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1010-இல் நிறைவெய்தியது. அங்கே திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலமும் இலாமிச்சமும் செண்பக மொட்டும் வேண்டுமென்று கல்லில் வெட்டி வைத்தனர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் முதற்றொகுதி 1890-இல் அச்சேறியது. அதுமுதல் வெளிவந்த தொகுதிகளைப் புரட்டினால் திருநந்தவனம் என்ற சொல் மீண்டும் மீண்டும் கண்ணிற்படும். நந்தவனத்திற்கென விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் எனப்பட்டது. சாத்தும் பூமாலை திருப்பள்ளித்தாமம் எனப்பட்டது.

அச்சாசனங்களில் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. நந்தவனத்தில் உழைப்பவர்க்கு உணவுக்கான கொற்றும், ஆடைக்கான புடவைமுதலும் தனியே வகுத்தனர். தோண்டுபவன் பசித்திருந்தால் தோட்டம் வாடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். திருவிழா அன்றைக்கு மட்டும் பூ வந்தால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. மழையிலும் பனியிலும் வெயிலிலும் ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்கவேண்டும் என்று கருதியே, சந்திராதித்தர் உள்ளவரை செல்லுமாறு நிலம் கொடுத்தனர்.

அவ்வாள் இக்காலத்தில் செய்யவேண்டுவன யாவை? வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்கின்றது. மழையில் தழைத்த களைகளை அவை பூத்து விதை உதிர்க்குமுன் தையிலேயே செதுக்கவேண்டும். கோரையை மேலே அரிந்தால் மீண்டும் முளைக்கும்; கிழங்கோடு அகழ்ந்து எடுத்தல் வேண்டும். தைத் திங்களின் நடுவில் முல்லைக்குக் கவாத்துச் செய்வர். சில நாள் நீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு அரிந்து, பட்ட கொம்புகளை நீக்கி, வேரைச் சுற்றிக் கொத்தித் தொழுவுரம் இட்டு, அதன்பின் நீர் பாய்ச்சுவர். குண்டுமல்லிகைக்கு இவ்வேலை கார்த்திகையிலேயே முடிந்திருக்கும். பங்குனியில் அது மொட்டுக் கட்டத் தொடங்கும்.

மாசிச் சிவராத்திரிக்கு வில்வம் வேண்டும். கொம்பை முறிக்காமல் இலையை மட்டும் கொய்யவேண்டும். அதன்பின் வில்வம் இலையுதிர்த்து வறிதே நிற்கும். மரம் பட்டுவிட்டதோ என்று அஞ்சுவோர் உளர், அஞ்சவேண்டா. இளவேனில் வந்ததும் செந்தளிர் விடும். உதிர்ந்த சருகைத் தீயிட்டுக் கொளுத்தாமல் குழியில் இட்டு மக்கவைத்தால், அதுவே அடுத்த ஆண்டுக்கு உரமாகும். எந்தச் சருகு திருமேனியில் விழலாகாது என்று சிலந்தி தடுத்ததோ, அதுவே மண்ணிற் சேர்ந்து மலராகித் திருமுடி ஏறுகின்றது. இறைவன் திருமுன்னில் கழிவென்று ஒன்றில்லை. இடமும் காலமும் அறிந்து சேர்த்தலே வேண்டுவது.

இதனை யாம் நூலிற் படித்து மட்டும் உணர்ந்தோமல்லேம். முன்பு ஒரு மாசித் திங்களில், சிற்றூர்க் கோயில் ஒன்றில் சிவராத்திரியன்று நாவுக்கரசர் வரலாற்றை இரவு முழுதும் விரித்துரைத்தோம். விடியலில் நந்தவனத்தின் பக்கம் சென்றபோது, அங்கே புல் இடுப்பளவு உயர்ந்து கதிர் முற்றி நின்றது. முல்லைக்கொடி கவாத்துக் காணாமல் பின்னிக்கிடந்தது. சுவாமிக்குச் சாத்திய மாலை கடைத்தெருவில் வாங்கியது என்று தெரிந்தது. தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் கிணற்றடியில் அமர்ந்திருந்தார். அவருக்குப் பல மாதங்களாகக் கூலி வரவில்லை.

"பெரியவரே, புல் இப்படி மண்டிவிட்டதே!" என்றோம்.

அவர் எழுந்து வணங்கி, "ஐயா, அப்பர் சாமி புல்லுச் செதுக்கினாருன்னு ராத்திரி முழுக்கச் சொன்னீங்க. எந்த மாசத்திலே செதுக்கினாருன்னு சொல்லலியே? தையிலே செதுக்கினா ஒரு கூடைப் புல்லு. விதை கொட்டினப்புறம் செதுக்கினா அடுத்த வருசம் பத்துக் கூடை" என்றார்.

யாம் விடையின்றி நின்றோம். நாற்பது ஆண்டு படித்ததும் உரைத்ததும் அவ்வொரு சொல்லின்முன் நாணின. உழவாரத்தை யாம் உருவகமாக்கிவிட்டோம். மனக்களை என்றோம், வினைக்களை என்றோம். மண்ணிலே நின்ற களையை மறந்தோம். களையைப் பிடுங்கும் கிழவரின் பசியையும் மறந்தோம். அன்று காலை அவரோடு அமர்ந்து சிறிது நேரம் செதுக்கினோம். கை கொப்புளித்தது. சொற்பொழிவுக்குக் கிடைத்த சிறு தொகையை அவரிடம் கொடுத்தோம். அது தருமம் அன்று, கடன்.

அன்பர்களே! இற்றைநாளில் உழவாரப்பணி மன்றங்கள் ஊர்தோறும் நற்பணி ஆற்றுகின்றன, அவை வாழ்க. சித்திரைச் சதயத்தன்று உழவாரம் ஏந்துவதும் சிறப்பே. ஆயினும் அந்நாள் அறுவடை நாள். விதை உதிருமுன் வருகின்ற தைத் திங்களே விதைக்கும் நாள் என்று கொள்ளுங்கள். நும் ஊர்க் கோயிலுக்குப் பூமாலை வாங்கித் தருவதோடு நில்லாமல், நந்தவனத்தில் நிற்பவனுக்குக் கூலி சேர்ந்ததா என்று ஒருமுறை கேளுங்கள். பங்குனி உத்திரத்தன்று சுவாமி திருவீதி வருங்கால், மார்பில் அசையும் முல்லை மாலையைக் காண்பீர்கள். பனிக்காலையில் யாரும் காணாமல் குனிந்து நின்ற ஒரு முதுகையும் அம்மாலையிலே கண்டு வணங்குங்கள்.

திருச்சிற்றம்பலம்.