இரத்தினபுரி நூதனசாலையும் லயத்துத் தகரப்பெட்டியும்

இரத்தினபுரிக்குச் செல்லும்போதெல்லாம் எகலப்பொல வளவில் அமைந்துள்ள தேசிய நூதனசாலையை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். கண்டி அரசின் கீழ் சபரகமுவ திசாவையாக இருந்த எகலப்பொலவின் இல்லம், 1988 இல் நூதனசாலையாயிற்று. இப்பகுதியின் மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருக எச்சங்களை ஆராய்ந்து, இத்தீவில் அற்றுப்போன விலங்கினங்களை உலகறியச் செய்தவர் பி. ஈ. பி. தெரணியகல. சேற்றில் புதைந்த எலும்புக்கும் வரலாறு எழுதியாயிற்று.

அதே மண்ணில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தமிழரின் தடயங்களோ சிதறிக் கிடக்கின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. கப்பலேறிய குடும்பங்களோடு கடிதங்களும் நிழற்படங்களும் கடல் கடந்தன.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 இல் பழைய லயமொன்றே தொழிலாளர் நூதனசாலையாக மாறியது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்கும் இது நல்ல முன்மாதிரி. பால்வெட்டும் கத்தி, கொழுந்துக்கூடை, செக்ரோல் துண்டு, கடவுச்சீட்டு ஆகியவையே அதற்குரிய செல்வங்கள். தாத்தாவின் தகரப்பெட்டியை எறியுமுன், அன்பர்களே, ஒருமுறை திறந்து பாருங்கள். எழுதப்படாத வரலாற்றின் சான்று அதற்குள் இருக்கக்கூடும்.