இளநிலை அலுவலரும் வரையறை இல்லாச் சொல்லும்

ஐ.நா.வின் பயங்கரவாத எதிர்ப்பு அலுவலகங்களில் 'இளநிலைத் தொழில்முறை அலுவலர்' என்றொரு பதவி உண்டு. அதன் தோற்றத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் தொடர்பே இல்லை. வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கான திட்டங்களில் தன்னார்வலரைப் பயன்படுத்தப் பொருளாதார சமூக அவை 1961 ஆகஸ்டில் நிறைவேற்றிய 849ஆம் தீர்மானமே அதன் வேர். காலப்போக்கில், இளைஞரை அமர்த்தும் செலவைக் கொடையாளி அரசே ஏற்கும் திட்டமாக அது உருப்பெற்றது.

2001 செப்டம்பர் 28 அன்று பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தால் பயங்கரவாத எதிர்ப்புக் குழுவை அமைத்தது. எல்லா நாடுகளும் அதற்கு அறிக்கை அளிக்க வேண்டும். வந்து குவியும் தாள்களைப் படித்து ஒப்பிட ஆள் வேண்டுமல்லவா? 2004இல் 1535ஆம் தீர்மானம் குழுவுக்கு ஒரு நிறைவேற்று இயக்ககத்தைத் தந்தது. 2017 ஜூனில் பொதுச் சபை தனி அலுவலகத்தையும் நிறுவியது.

இங்குதான் சிக்கல். பயங்கரவாதச் செயலைக் கடுங்குற்றமாக்கப் பணித்த 1373, 'பயங்கரவாதம்' எதுவென வரையறுக்கவில்லை. இந்தியா 1996இல் முன்மொழிந்த விரிவான உடன்படிக்கையும் அவ்வரையறையில் முட்டியே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் அச்சொல்லுக்குத் தானே பொருள் வகுக்கிறது. அந்தப் பொருள்களை அருகருகே வைத்துக் குறிப்பெழுதும் வேலை இளநிலையினர் மேசைக்கும் வருகிறது.

அம்மேசையில் அமர்பவர் யார்? கொடையாளி அரசுகள் பெரும்பாலும் தம் குடிமக்களையே அனுப்புகின்றன. நெதர்லாந்து போன்ற சில மட்டுமே வளரும் நாட்டவருக்கும் செலவிடுகின்றன. குண்டுவெடிப்பையும் கடுஞ்சட்டத்தையும் ஒருசேரக் கண்ட ஊர்களிலிருந்து வரும் இளைஞர், பெரும்பாலும் பிறர் பணத்தை நம்பியே அவ்வாயிலில் நிற்கிறார்.